மை படாத பெயர்

மாமாவின் கல்யாணக் கார்ட்டில் என் பெயரும் அச்சாகும் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ஆகவே, நாவற்குடாவிலிருந்து மாமாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு அச்சகத்துக்குப் போய், ஈர மை மணக்கும் முதல் தாளைப் பார்த்தபோது என் பெயரைத்தான் முதலில் தேடினேன். மாமா இருந்தார். மாமியாகப் போகிறவர் இருந்தார். செத்துப்போன பாட்டன்மார்கூட இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் வரும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன்.

என் முகம் போன போக்கைக் கண்ட மாமா, அச்சுக் கோத்து வைத்திருந்த தட்டுக்கு மேலாக என்னைத் தூக்கிப் பிடித்தார். ஈய எழுத்துகள் இடம் வலம் மாறி நின்றன. ஒரு வரியின் இந்தக் கரையில் அவர் பெயர், அந்தக் கரையில் மாமியின் பெயர். நடுவில் எழுத்தே இல்லாத ஈயத் துண்டு ஒன்று, குட்டையாக.

“இந்தா மனே, இதுதான் நீ.”

“இதில எழுத்தே இல்லயே மாமா!”

“நீ கட்டைதானே, அதான் மை படல்ல. ஆனா உன்னை எடுத்தா என்ன நடக்கும் எண்டு பாரு.”

அச்சுக் கோப்பவருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே துண்டை உருவினார். இறுக்கம் தளர்ந்த வரி ஒருமுறை ஆடியது. மாமாவின் கடைசி எழுத்து குப்புற விழுந்தது. நான் அலறிவிட்டேன். துண்டைத் திரும்பச் செருகிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

காய்ச்சலை ரத்துச் செய்துவிட்டு, திங்கட்கிழமை அந்தத் தாளோடு பள்ளிக்கூடம் போனேன். இரண்டு பெயர்களுக்கும் நடுவே கிடந்த வெள்ளையைத் தொட்டு, “இது நான்” என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை. எனக்கென்ன, நான் இப்போது பொறுப்புள்ள ஆள்.

கல்யாணம் முடிந்து, புதுச்சோடி எங்கள் வீட்டு விருந்துக்கு வந்துவிட்டுக் கொக்கட்டிச்சோலையில் மாமியின் வீட்டுக்குத் திரும்பியபோது நானும் தொற்றிக்கொண்டேன். வாவியைக் கடக்கிற மிதவையைப் பாதை என்போம். பொழுது சாய்கிற நேரம். தண்ணீர் பாலாடைபோலச் சலனமில்லாமல் கிடந்தது. பாதை நகர்கிறதா, கரைதான் மெல்லக் கழன்று போகிறதா என்று சொல்ல முடியவில்லை. வானம் கீழேயும் இருந்தது. ஒரு கொக்கு அதற்குள் தலைகீழாகப் பறந்தது. பலகையில் மாமா ஒரு பக்கம், மாமி மறுபக்கம். நடுவில் நான், இரண்டு தோளாலும் இருவருக்கும் முட்டுக்கொடுத்தபடி.

“முன்னுக்குப் போய் மீன் துள்றதப் பாரன் மனே.”

“ஏலா மாமா.”

“கச்சான் வாங்கித் தாறன். அங்கால நிண்டு தின்னு.”

கச்சான் கடலையை வாங்கி, இருந்த இடத்திலேயே தின்றேன். “நான் எழும்பினா ரெண்டு பேரும் சரிஞ்சிருவீங்க” என்றேன். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மாமா வாவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இப்போது நான் கணினியில் புத்தகப் பக்கங்கள் அமைக்கிறவன். விசையை ஒருமுறை தட்டினால் சொற்களுக்கிடையே இடம் விரியும், மறுமுறை தட்டினால் காணாமல் போகும். அன்றைய துண்டு அப்படி இளகியதல்ல. பாதையில் நானும் அக்கரை சேரும்வரை இம்மியும் அசையாமல் இருந்து இருவரையும் சரியவிடாமல் காப்பாற்றினேன்.

சரிவதற்குத்தான் அவர்கள் காத்திருந்தார்கள் என்பது விளங்க எனக்கு மீசை முளைக்கவேண்டியிருந்தது.