மாட்டுத் தரகர் ராயப்பனின் கல்லீரல்

நைனார்பாளையத்து ராயப்பன் மாட்டுத் தரகர். கைமேல் துண்டைப் போட்டு மூடி, விற்பவன் விரலைப் பிடித்து ஒரு விலை, வாங்குபவன் விரலைப் பிடித்து ஒரு விலை என்று பேசிப் பேசி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. கல்வராயன் மலைக் கள்ளச்சாராயத்தைத் தொடமாட்டார். அரசாங்கக் கடைச் சரக்கு மட்டும்தான். சாராயம் குடித்தவனைக் கண்டால், "ஒடம்ப கெடுத்துக்கினு திரியறான் பாரு" என்று தள்ளாடிக்கொண்டே வருத்தப்படுவார். தவக்காலத்தில் சொட்டுத் தொடமாட்டார். ஈஸ்டர் அன்று ஆண்டவரோடு அவருடைய தாகமும் உயிர்த்தெழும்.

கால் வீங்கியதும் மனைவி செபஸ்தியம்மாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் ஷாலினி விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்துத் தட்டிப் பார்த்தார். அதற்கு ஊசியில்லை, வலியில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார். கல்லீரல் பேருக்கு ஏற்றபடி கல்லாகவே ஆகியிருந்தது.

"ஈரல் இறுகிப்போச்சு. ரத்தத்துல தட்டணுவும் கம்மி. ரெண்டையும் சேத்துப் பார்த்தா, உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கியிருக்கும்னு தோணுது. வெடிச்சா ரத்த வாந்திதான். டியூப் விட்டுப் பார்த்துடலாங்க."

"வாயில டியூபா? அதெல்லாம் ஆவாதுங்க" என்றார் ராயப்பன். கண்டதையும் உள்ளே விட்டுப் பழக்கமில்லாத வாய்போல அதை இறுக மூடிக்கொண்டார்.

செபஸ்தியம்மாள் விடவில்லை. "பகல்ல தூங்கறாருங்க, ராத்திரில முழிச்சிக்கினு குந்தியிருக்காரு. போன ஞாயித்துக்கெழம சட்டைய உள்பக்கம் வெளிய தெரிய மாட்டிக்கினு கோயிலுக்கு வந்தாரு."

டாக்டர் நிமிர்ந்தார். "ஒரு நிமிஷத்துல உங்களுக்குத் தெரிஞ்ச மிருகத்தோட பேரெல்லாம் சொல்லுங்க பார்ப்போம்."

ராயப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "மாட்டுக்காரன்கிட்டயே மிருகமா? பசு, காள, கெடேரி, கறவ மாடு, செனை மாடு, கொம்பு ஒடஞ்ச மாடு..."

"எல்லாம் ஒண்ணுதாங்க. வேற?"

"எரும... ஆடு..." என்றவர் மின்விசிறியைப் பார்த்தார். அங்கே எதுவும் மேயவில்லை.

பொறுக்கமாட்டாமல் செபஸ்தியம்மாள் முணுமுணுத்தாள். "நாய்."

"யார சொல்ற நீ?" என்று அவர் திரும்புவதற்குள் நிமிஷம் முடிந்துவிட்டது.

பஸ்ஸை நிறுத்துவதுபோல இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மடக்கச் சொன்னார் டாக்டர். கைகள் காக்கை இறக்கை அடிப்பதுபோலப் படபடத்தன. ஏசி குளிர் என்றார் ராயப்பன். அந்த அறையில் ஏசி இல்லை.

ஈரல் வடிகட்டாமல் விடும் நஞ்சு மூளைக்கு ஏறத் தொடங்கிவிட்டது, பைக் ஓட்டக்கூடாது, குடியை விட்டே ஆகவேண்டும் என்று சொல்லி டாக்டர் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். வயிறு தினமும் இரண்டு மூன்று முறை இளகிப் போனால் நஞ்சும் அதோடு போய்விடுமாம்.

"மூளைல கோளாறாம். அதுக்குப் பேதி மருந்து குடுக்கறாங்கடா!" என்று கூட்டாளி அம்மாசியிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாசியும் மூச்சு முட்டச் சிரித்தான். சிரப் பாட்டில் திறக்கப்படவில்லை. மற்ற பாட்டில்கள் திறக்கப்பட்டன.

அடுத்த சந்தையில் வடக்கனந்தல் சின்னதுரையின் உழவு மாடுகளுக்குப் பேரம். துண்டுக்கு அடியில் ராயப்பனின் விரல் ஒன்று சொல்ல, மணிக்கட்டு உதறி வேறொன்று சொன்னது. விற்பவனுக்கும் சந்தோஷம், வாங்குபவனுக்கும் சந்தோஷம். துண்டை எடுத்த பிறகுதான் இரண்டும் வேறு வேறு விலை என்று தெரிந்தது.

சின்னதுரை சட்டையைப் பிடித்தான். "இன்னா வெல சொன்ன நீ?"

ராயப்பன் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "தெரியலப்பா" என்றார். ஆயுசெல்லாம் சந்தையில் அவர் சொன்ன பொய்யை நம்பியவர்கள், அன்றைக்குச் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை. முதுகில் ரெண்டு விழுந்தது. அடியைவிட, தலைக்குள் எதுவுமே இல்லாமல் நின்ற அந்த நேரம்தான் அவரை நடுங்கவைத்தது.

வீட்டுக்கு வந்ததும் தானே சிரப்பைத் திறந்தார். சில நாளில் தலை தெளிந்தது. தெளிந்த தலையோடு டியூபுக்கும் வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னபடியே உள்ளே ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றன. வெடிக்கும் முன்னே ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். ஈரல் இளகவில்லை. ஆனால் ராயப்பன் கடைப்பக்கம் போவதில்லை, பகலில் விழித்திருக்கிறார், சந்தையில் மறுபடியும் தெளிவாகப் பொய் சொல்கிறார்.

அம்மாசிக்குத்தான் ஆறவில்லை. "தங்கமான மனுசன். மருந்து குடுத்தே கெடுத்துட்டாங்க" என்று கலங்கியபடி ராயப்பனின் பங்கையும் தன் டம்ளரிலேயே ஊற்றிக்கொள்கிறான்.