சப்பாத்தி மாவால் அழித்த ஆள்

மேகம் வரையக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் முதல் நாளே திகைத்துப் போனார்கள். மூன்று வளைவு போட்டு உள்ளே நீலம் அடித்தால் மேகம் என்றுதான் அதுவரை அவர்களுக்குத் தெரியும். ஜோதிமணியோ தாள் முழுக்கக் கரியைத் தேய்க்கச் சொன்னாள். பிறகு ஆளுக்கொரு உருண்டை சப்பாத்தி மாவைக் கையில் கொடுத்து, "வெளிச்சம் எங்க தெரியுதோ அங்க மட்டும் ஒத்தி எடுங்க கண்ணுகளா" என்றாள். மாவு கரியை வாங்கிக்கொள்ள, கறுப்புக்குள்ளிருந்து மேகம் பொங்கி வந்தது. மனிஷா வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜோதிமணிக்குக் கொள்ளேகால் பக்கம். மைசூருவில் ஓவியம் படித்து, பழனிமுத்துவைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர் ஹெப்பாளிலேயே தங்கிவிட்டவள். படிக்கிற காலத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்த ஐரோப்பிய ரொமாண்டிக் காலத்து நிலக்காட்சிகள் அவளைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை. முக்கால்வாசித் தாளை வானமே விழுங்கியிருக்கும். அடியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுண்டுவிரல் உயரத்தில் ஒரே ஒரு மனிதன். அப்படி ஒரு படத்தை அச்செடுத்து மாடிச் சுவரில் ஒட்டியிருந்தாள். "இதைப் பாத்துத் தைரியம் எடுத்துக்குங்க. காப்பி அடிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும். நம்ம வானத்தப் பாத்து, பாத்தத மட்டும் வரைங்க" என்பது அவள் சட்டம்.

வகுப்பு மொட்டைமாடிக்கு வந்தது இந்த மே மாத விடுமுறையில்தான். அதற்கு முன் கீழே வீட்டு ஹாலில் நடந்தது. மாறியதைப் பழனிமுத்துவிடம் சொல்லக்கூட வாய்க்கவில்லை. மனுஷன் பேசினால்தானே! கம்பெனி ஸ்டோரில் வேலை. காலையில் டிபன் பையோடு போவான், இருட்டும் நேரம் வருவான், சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். என்ன ஆச்சு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான் என்ற பயம் அவளுக்கு இருந்தது. வேலை மும்முரத்தில் அதைப் பகலெல்லாம் மறந்தும் போவாள்.

திங்கட்கிழமை மனிஷாவின் மேகத்துக்கு அடியில் ஒரு ஆள் முளைத்திருந்தான். முதுகு காட்டி நின்றான்.

"சுவத்துல இருக்கறவன இங்க கொண்டாந்துட்டியா?" என்று ஜோதிமணி மாவை உருட்டி அவனை ஒற்றி எடுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மூன்று பிள்ளைகளின் தாளில் அதே ஆள். அவளுக்குச் சுருக்கென்றது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அடித்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் அழித்தாள்.

புதன்கிழமை தருண்குமாரின் தாளில் மாவை வைக்கப் போனவள் கை அப்படியே நின்றது. சுவர்ப் படத்து ஆள் கோட்டு போட்டுக் கைத்தடி ஊன்றியிருப்பான். இவன் தோளில் பை தொங்கியது. வலது தோள் சரிந்து, இடது கை முதுகுக்குப் பின்னால் போய் வலது முழங்கையைப் பிடித்திருந்தது. தன் அப்பா செத்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பழனிமுத்து அப்படித்தான் நின்றான். உலகத்தில் வேறு யாரும் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"இது யாரு?" என்றாள்.

"காப்பி இல்ல மிஸ்" என்றாள் மனிஷா அழாத குறையாக. "நீங்கதான பாத்தத வரைங்கன்னு சொன்னீங்க? அந்த அங்கிள் தெனமும் அங்க நிக்கறாரு. நோடி, பாருங்க!"

ஜோதிமணி திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் பிள்ளைகள் முகத்தையும் தாளையும் பார்த்துக்கொண்டு, அந்தத் திசைக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறாள். பின்தெருவில் பாதியில் நின்றுபோன கட்டடம். கைப்பிடிச் சுவர் எழுப்பாத மாடி. அதன் அந்தப்பக்க விளிம்பில், கறுத்துத் திரண்ட மேகத்துக்குக் கீழே, இந்தப் பக்கம் முதுகைக் காட்டி அவள் புருஷன் நின்றான்.

கத்த வந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கத்தினால் திடுக்கிடுவான். போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். எதிரே அந்தக் கை மெல்ல எழுந்து காதுக்குப் போனது.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"கம்பெனிலதான் அம்மிணி. சரக்கு எறங்குது."

அவளுக்கு உலகமே நின்றுபோனது. எத்தனை நாளாக வேலை இல்லை? எத்தனை நாளாக இங்கே? காலையில் பிசைந்த மாவில் அவனுக்குச் சப்பாத்தி சுட்டு, மிச்சத்தை உருட்டிக்கொண்டு வந்து, அதே மாவால் அவனை அழித்துக்கொண்டிருந்திருக்கிறாளே பாவி! கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டின. இரண்டையும் விழுங்கினாள்.

"மாமா, நாஞ் சொல்றதக் கேளுங்க. மழை எறங்கப் போகுது. மெதுவா ரெண்டு எட்டுப் பின்னால வாங்க. வந்துட்டீங்களா? இப்பத் திரும்பிப் பாருங்க. நானு இங்கதான் நிக்கறேன்."

தூரத்தில் இடி உருண்டது. பிறகு அந்த முதுகு ஓரடி பின்வாங்கியது. இன்னோர் அடி. தோள் அசைந்தது.

"மிஸ், அங்கிள் திரும்பிட்டாரு!" மனிஷா கரியைக் கையில் எடுத்தாள். "மூஞ்சி வரையட்டுமா?"

ஜோதிமணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாடிப்படிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

"வரை கண்ணு. இந்தவாட்டி அழிக்க மாட்டேன்."