பம்பருக்கு அடியில் ஒரு கொக்கி

லீலாபாய்க்குக் கார்களைப் பெயர் சொல்லித் தெரியாது. எங்கே பூக் கட்டலாம் என்று பார்த்துத்தான் தெரியும். வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் பூக்கடை போட்டு நாற்பது வருடம் ஆகப்போகிறது. பூதப்பாண்டி முதல் மயிலாடி வரை கல்யாணக் கார் அலங்காரம் என்றால் இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவளைப் பொறுத்தவரை நல்ல கார் என்பது பூவுக்கு இடம் கொடுக்கிற கார்.

அம்பாசடர் இடம் கொடுத்தது. தேய்த்துக் கவிழ்த்த வெள்ளிப் பாத்திரம் போல முன்னால் ஒரு பம்பர், அதில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கொம்பு, உருண்டைக் கண்ணாக இரண்டு விளக்கு, கை நிறையப் பிடிக்கிற கதவுக் கைப்பிடி. மாலையைக் கொண்டுபோனால் 'இங்கே கட்டு, அங்கே கட்டு' என்று வண்டியே சொல்லும். பியட்டுக்குக் கொஞ்சம் ஒடுங்கின முகம், கூச்சப்படுகிற பெண்ணைப் போல நிற்கும். ஆனாலும் கட்டினால் அழகு கூடும்.

இப்போது வருகிற கார்களைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். "எல்லாத்துக்கும் மூஞ்சி ஒண்ணுதான். ஆரையோ அடிக்கப் போற மாதிரி கண்ண இடுக்கிக்கிட்டு நிக்கி. கல்யாணத்துக்குப் போற வண்டிக்கு எதுக்கு இந்தக் கோவம்?" என்பாள். பம்பர் பிளாஸ்டிக். கைப்பிடி கதவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. நூல் சுற்ற ஒரு முனை கிடையாது. பூச் செருகின ரப்பர் கிண்ணத்தைத் தண்ணீரில் தொட்டுக் கண்ணாடிபோன்ற உடம்பில் ஒட்டவேண்டும். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். போதாக்குறைக்குக் காரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று, "எக்கா, பெயின்ட்ல கீறல் விழப்பிடாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டேயிருப்பார். பிள்ளை பெற்ற வீட்டில்கூட இவ்வளவு காவல் இராது.

போன தை மாதம் மயிலாடி ஜெபிஷின் கல்யாணத்தில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். ஜெபிஷ் துபாயில் வேலை பார்க்கிறவன். புத்தம் புதிய கார் வாங்கியிருந்தான். லீலாபாய் பழைய பழக்கத்தில், சம்பங்கியும் ரோஜாவும் கலந்த பெரிய மாலை ஒன்றை முகப்பின் நடுவில் சின்னத்தின் மேல் விழும்படி தொங்கவிட்டாள். வீட்டிலிருந்து வேதக்கோயிலுக்குப் போகிற வழியில் மாலை காற்றில் ஆடியிருக்கிறது. எதிரே ஏதோ வருகிறது என்று கார் நினைத்துக்கொண்டு நடுரோட்டில் தானாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அதற்குப் பிறகு கார் பூனைக்குட்டி மாதிரிக் கத்த ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை. ஜெபிஷ் கோட்டும் டையுமாக இறங்கி மாலையைப் பிய்த்து வயலில் எறிந்தான். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். அன்று அது துபாய்க் கோட்டுப் போட்டிருந்தது.

"எக்கா, அந்தச் சின்னத்துக்கு உள்ளதான் காருக்க கண்ணு. அத மறச்சிட்டியளே!" என்று மறுநாள் வந்து கேட்டான்.

"கண்ணு மேலல்லா இருக்கு? கீழயுமா ஒண்ணு வச்சிருக்கான்?" என்றாள் லீலாபாய். அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் கட்டின மாலை சேற்றில் கிடந்ததை முந்தின நாள் திரும்பி வரும் வழியில் பார்த்திருந்தாள்.

அன்று அவளுக்கு எலிசாவின் வண்டி நினைவு வந்தது. வராத நாள் எது?

எலிசா அவள் புருஷன். பூதப்பாண்டி பகவதியப்பனிடம் டிரைவராக இருந்தவர். பகவதியப்பன் கல்யாணத்துக்கென்றே ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். முகூர்த்த நாள்களில் விடிவதற்குள் எலிசா அந்த வண்டியை லீலாபாயின் கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எத்தனை முழம் வாங்கினாலும் அவள் ஒரு முழம் பிச்சிப்பூ கொசுறு கொடுப்பாள். அது அவள் அப்பா காலத்து வழக்கம். எலிசா மாலையெல்லாம் கட்டி முடிகிறவரை வாயைத் திறக்கமாட்டார். வண்டியை எடுக்கும்போது மட்டும் தலையை வெளியே நீட்டி, "வண்டிக்கு மாலை போட்டாச்சி. எனக்குக் கொசுறு இல்லியா?" என்பார். இரண்டு வருடம் இப்படிக் கொசுறிலேயே ஓடியது. பிறகு கல்யாணம். அன்று காலையில் கல்யாணப் பெண்ணே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பூக் கட்டப் போய்விட்டாள். "ஏட்டி, நீ பொண்ணா, பூக்காரியா?" என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

அம்பாசடரிலும் ஒரு குறை இருந்தது. பளபளப்பில் நூல் வழுக்கும். ஒருமுறை சுங்கான்கடை இறக்கத்தில் மாலை நழுவிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. எலிசா முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். லீலாபாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே கோட்டாற்றில் ஒரு பட்டறைக்குப் போய், வலப்பக்கக் கொம்புக்கு அடியில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கொக்கி வைத்து வெல்டிங் செய்துவிட்டார். முனையை அரம் போட்டு உருட்டியிருந்தார், அவள் விரலைக் கிழிக்காமலிருக்க. அதன் பிறகு எந்த மாலையும் நழுவவில்லை.

பகவதியப்பன் முடியாமல் படுத்தபோது அந்த வண்டியை விற்றார்கள். எலிசா பள்ளிக்கூட வேனுக்குப் போனார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் லீலாபாய்க்கு அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. பார்த்து, அந்தக் கொக்கியில் ஒரு மாலை மாட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எப்படித் தேடுவது? வண்டி நம்பரை அவள் ஒருநாளும் படித்ததில்லை. கல்யாணப் போட்டோவில் இருக்குமே என்று ஆல்பத்தை எடுத்தாள். நம்பர் பலகையை அவள் கட்டின மாலையே முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே எங்கே அம்பாசடரைக் கண்டாலும் குனிந்து வலப்பக்கப் பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பாள். துருப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதாக மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கை வெறுமனே திரும்பும். வருடம் போகப்போக அம்பாசடர்களே கண்ணில் படாமல் போயின.

ஆவணியில் ஜெபிஷின் தங்கை லிஜாவுக்குக் கல்யாணம். ஜெபிஷ் கடைக்கு வந்தான். "எக்கா, கோயிலுக்குப் பூ, பொண்ணுக்குக் கைச்செண்டு, தோழிப் பிள்ளியளுக்கு நாலு சரம். காருக்கு வேண்டாம்."

"போன தடவ வண்டி நின்னதுல பேடிச்சிட்டியா மக்கா?"

"அதில்ல. இவ பழைய வண்டி ஒண்ணு வாடகைக்கு எடுத்திருக்கா. போட்டோவுக்கு நல்லா இருக்குமாம்."

கல்யாணத்தன்று காலை ஆட்டோவில் பூக்கூடையோடு மயிலாடி வீட்டு வாசலில் இறங்கிய லீலாபாய் அப்படியே நின்றுவிட்டாள். பந்தலுக்குக் கீழே ஒரு அம்பாசடர். கறுப்பு நிறம். அதே உருண்டைக் கண், அதே அமைதியான முகம். கூடையை யாரிடமோ கொடுத்தாள். எலிசாவின் வண்டி வெள்ளை, இது கறுப்பு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டே, முட்டி வலியையும் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்து, பம்பருக்கு அடியில் கையை விட்டாள்.

விரலில் கொக்கி பட்டது. உருட்டின முனை.

அவள் கையை எடுக்கவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. துடைக்க இன்னொரு கை இருந்தும் தோன்றவில்லை.

"என்ன தேடுகீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. வண்டிக்காரன் பிரபின், திருவட்டாற்றுக்காரன், முப்பது வயதிருக்கும். பழைய கார்களை வாங்கிப் புதுக்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். கையில் துடைக்கும் துணி.

"இது முன்ன வெள்ளதானே மக்கா?"

"ஆமா. எங்கன தெரியும்?"

லீலாபாய் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு மாலை கட்டட்டா? காசு வேண்டாம்."

பிரபின் சங்கடப்பட்டான். "ஒத்தப் பூகூட வைக்கப்பிடாதுண்ணு பொண்ணு கண்டிப்பா சொல்லியிருக்கு எக்கா. வண்டிக்க முகம் தெரியணுமாம். அதுக்குத்தான் எல்லாரும் இத எடுக்கது."

எத்தனை வருடம் இவள் வாய் ஓயாமல் சொன்ன பேச்சு அது, முகம், முகம் என்று! இப்போது யாரோ ஒரு பெண் அதையே சொல்லி இவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டாள். லீலாபாய் வண்டியை இன்னொரு முறை பார்த்தாள். பூவில்லாமலும் அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு லிஜாமீது கோபப்பட முடியவில்லை.

"அடியில ஒரு கொக்கி இருக்கு" என்றாள்.

"அதா? ஆரோ மடையன் வச்சிருக்கான். அடுத்த மாசம் பம்பர முலாம் போடக் கழத்துவேன், அப்ப வெட்டி எறியணும்."

"வெட்டாத மக்கா. அந்த மடையன் எனக்க மாப்பிள."

பிரபின் துணியை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். பிறகு, "வெட்டல்ல" என்றான்.

தோழிப் பிள்ளைகளுக்கு நாலு சரம் பிரித்துக் கொடுத்தது போகக் கூடையில் ஒரு முழம் பிச்சி மிச்சம் இருந்தது. வழக்கமான கொசுறு. பெண்ணை ஜெபத்தோடு வெளியே கூட்டி வருகிற பரபரப்பில் லீலாபாய் பம்பர் பக்கமாக மறுபடி குனிந்து எழுந்தாள். பிரபின் பார்த்தான், பார்க்காதவன்போல வண்டியில் ஏறிக்கொண்டான்.

லிஜாவை ஏற்றிக்கொண்டு கார் மெதுவாகத் தெருவில் இறங்கியது. ஜெபிஷ் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாருங்க எக்கா, கல்யாண வண்டி ஒரு பூகூட இல்லாம மொட்டையாப் போவுது."

"இருக்கு மக்கா" என்றாள் லீலாபாய்.