சின்ன அத்தை கழுவிய குழாய்

சின்ன அத்தை ஆய்வக உதவியாளராக இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்மீது பழி விழுந்தது ஒரே ஒரு முறைதான். விஞ்ஞானியின் புது மருந்து பட்ட ஈஸ்ட் செல்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் தவித்து, அந்தத் தவிப்பைக் காட்டும் சாயத்தில் பச்சையாக ஒளிர்ந்தன. ஆனால் மருந்தே கலக்காமல், அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவத்தை மட்டும் விட்ட சோதனைக் குழாயும் அதே பச்சையில் ஒளிர்ந்து தொலைத்தது.

“குழாயை ஒழுங்காக் கழுவலையாம்மா? பழைய மருந்து ஒட்டியிருக்கு!” என்று குதித்த விஞ்ஞானி, ஆய்வுக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்.

அத்தைக்குச் சுருக்கென்றது. வீட்டில் மாமா கழுவி வைத்த தட்டையே மறுபடி கழுவுகிறவர் அவர்.

“என் கையே வேண்டாம் சார். நீங்களே கழுவுங்க, டிஎம்எஸ்ஓ புது பாட்டிலைப் பிரிச்சு நீங்களே ஊத்துங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

விஞ்ஞானி கழுவினார், ஊற்றினார், இரண்டு மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவே இல்லை.

“என்ன சார், பச்சையா?”

“பச்சைதாம்மா.”

“அடடா! உங்களுக்கும் கழுவத் தெரியலையே!”

விஞ்ஞானி சிரித்துவிட்டார். “குழாய் மேல தப்பில்லம்மா. அந்தத் திரவமே செல்லைப் படுத்துது.”

“அதை வாயால சொன்னாப் போதாது சார்,” என்று குறிப்பேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவை நீட்டினார் அத்தை.