தனத்தை நிறுத்திப் பார்த்த சுவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், சாமிக்குக் கோபம் வருமோ என்று மூடி வைத்துவிடுவேன். போன வாரம் மருமகள், பெயிண்ட் கடையில் கொடுத்த வண்ண அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்து, "மாமா, எது நல்லா இருக்குது?" என்று கேட்டாள். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். பாவம், தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருப்பாள்.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் தெருவுக்கு அட்டையெல்லாம் ஏது? சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் புகையும். அது ஆறியதும் கடையில் பொட்டலமாக வாங்கிய வண்ணப் பொடியைக் கலக்கி, மாட்டுத் தோலில் செய்த வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்தப் பசையின் நாற்றம் மூன்று நாளைக்குச் சோற்றில்கூட இருக்கும். இன்றைக்கும் அந்த நாற்றம் வந்தால் என் தங்கை தனம்தான் எதிரே வந்து நிற்கிறாள்.

நிற்கிறாள் என்று கை தானாக எழுதிவிட்டது. அன்றைக்கு நாங்கள் அவளை நிறுத்தித்தான் வைத்தோம்.

நைனா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுப் பொறுப்பு என் தலையில். எட்டாவதுவரை படித்தவன், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. அனந்தபுரத்திலிருந்து தனத்தைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தனம் நல்ல கருப்பு. கூடத்துச் சுவருக்கு எந்த வண்ணம் அடித்தால் அவள் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிவாள் என்று ஆரம்பித்தவர் என் தாய்மாமன். அடிக்கப் போகிறவரும் அவர்தான். சுவரில் நீலம், பச்சை, ரோஸ், மஞ்சள் என்று ஆளுயரத்துக்கு நாலு பட்டை இழுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனத்தை நிற்கச் சொன்னோம்.

முதலில் அவளும் சிரித்தாள். "இன்னா மாமா, மாட்டுச் சந்தையா? பல்லையும் புடிச்சுப் பாத்துடு."

"பல்லு வெள்ளதான்டி, அது பாஸு. நீலத்தாண்ட நில்லு. ஐயோ, ஆளக் காணமே! எங்கடி போய்ட்ட?" என்றார் மாமன்.

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். நானும்தான்.

"எனக்குப் பச்சதாண்ணா புடிச்சிருக்குது," என்றாள் தனம் மெதுவாக.

"உனக்குப் புடிச்சு இன்னா ஆவப்போவுது? வர்றவங்களுக்குப் புடிக்கணும்." இதைச் சொன்னது மாமன் இல்லை, நான்.

ரோஸா மஞ்சளா என்று முடிவாகவில்லை. எனக்கு எது என்றாலும் தெருக்கோடி மாரியம்மன்தான். பூ கேட்கப் போனேன். ரோஜாவை ஒரு பொட்டலமாகவும் மஞ்சள் சாமந்தியை ஒரு பொட்டலமாகவும் கட்டி அம்மன் காலடியில் போட்டேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சாமந்தி. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். கூடம் முழுக்க மஞ்சளே அடித்தோம்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தனம் சுவரோரம் பாயில். மாப்பிள்ளையின் அம்மா சுவரை அண்ணாந்து பார்த்தாள், அப்புறம் தனத்தைப் பார்த்தாள். "சொவுரு பளிச்சுனு இருக்குது. அதான் பொண்ணு ரொம்ப மங்கலாத் தெரியுது," என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அம்மன் உத்தரவு குடுத்துதான அடிச்சோம். இதுலயும் ஏதோ நல்லது இருக்கும்," என்றேன் தனத்திடம்.

அவள் அழவில்லை. "மாரியம்மா மட்டும் செவப்பாண்ணா? கருங்கல்லுதான. அவள எந்தச் சொவத்தாண்ட நிக்க வெச்சுப் பாத்த?"

சாமியைப் பழிக்கிறாளே என்று ஓங்கி அறைந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தனம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கும் வீட்டிலேயே இருந்தாள். மூன்று வருஷம் கழித்துச் சிங்கவரத்தில் தாரமிழந்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தோம். முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளையும் தங்கவில்லை.

இப்போது மாமன் இல்லை, அம்மா இல்லை. அந்தக் கூடத்தை இடித்துக் கடை கட்டியாயிற்று. தனத்தின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கருப்பாக விழும் என்று எடுக்காமலே விட்டோம்.

சொந்தத்தில் அவள் பேச்சு வந்தால், "சாமியப் பழிச்சா, அதான் அப்புடிப் போய்ட்டா" என்கிறார்கள். அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவனும் நான்தான். என் மனசை ஆற்றிக்கொள்ள அது வேண்டியிருந்தது. அதனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். யாரிடமாவது இதைச் சொன்னால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். பழியை அம்மன் மேலும் போடவேண்டாம், தனத்தின் மேலும் போடவேண்டாம். வயசானவன், பாவம் என்று, நான் கை நீட்டியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.