காக்கை போட்ட பட்டு

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஊரைப் பார்க்க வருவதில்லை. வீட்டிலேயே ஒரு காஞ்சிபுரத்தைப் பார்த்து முடித்துவிட்டு, அது இங்கே சரியாக இருக்கிறதா என்று சோதனை போடத்தான் வருகிறார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஆட்டோக்காரர் ஒருவர் அப்படிப்பட்டவர்களை அழைத்துவருவார். "நேரா தறியிலயே பார்த்துடலாம் சார்" என்று என் வீட்டுக்குள் விடுவார். அங்கே நான் நைட்டியும் அதற்குமேல் ஒரு துண்டுமாக, தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பேன். வந்தவர்கள் முகம் சுண்டிப்போகும். ஒருமுறை ஒரு அம்மாள், போட்டோவுக்காக நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார முடியுமா என்று கேட்டார்.

"பட்டு கட்டிக்கினு இதுல இறங்கினா வேர்வையில வெந்துடுவேன்மா" என்றேன். அவருக்கு என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

கடைக்காரர் சொல்லும் டிசைனை நெய்வதுதான் வழக்கம். மயில், அன்னம், யாளி. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் நான் ஒரு அன்னத்தைக்கூடப் பார்த்ததில்லை. யாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நான் பார்ப்பதெல்லாம் கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, காயப்போட்ட வடகத்தின்மேல் கண் வைத்திருக்கும் காக்கைகளைத்தான். அதனால் போன வருஷம் சொந்தமாகப் பட்டு நூல் வாங்கி, சிமெண்ட் நிறத்தில் தறியில் ஒரு புடவை போட்டேன். முந்தானை முழுக்கக் கம்பி, கம்பிமேல் காக்கை. ஒரகடத்தில் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "சனீஸ்வரன் வாகனத்தைத் தோள்ல போட்டுக்கினு எவ கல்யாணத்துக்குப் போவா?" என்று சிரித்தார். எனக்கோ ஒரே வெறி. என் மண்டையில் உதித்த ஒரே டிசைன் அது. வெளியூர்க்காரர் ஒருவராவது அதைப் பார்த்து, எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா தறியில் இருந்த அந்தப் புடவையைத் தடவிப் பார்த்தார். "இது காஞ்சிபுரம் மாதிரியே இல்லையேங்க" என்றார்.

"காஞ்சிபுரத்துலதாம்மா நெய்துக்கினு இருக்கேன்."

"அது சரிங்க. ஒரிஜினல் டிசைன் இருந்தா காட்டுங்க."

அவர் போனபிறகு எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பின் வந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

தறியிலிருந்து அறுத்ததும் அந்தப் புடவையை நானே கட்டிக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனேன். பிராகாரத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சூப்பரா இருக்குங்க. எந்த ஊர்ல வாங்கினீங்க? இங்க இப்படியெல்லாம் கிடைக்காதே."

எனக்கு வாயெல்லாம் பல். "இங்கதாம்மா. நானே நெய்தது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புடவையை மறுபடி பார்த்தார். அவர் கண்ணில் புடவை மாறிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

"அதானே பார்த்தேன். காஞ்சிபுரம்னா காஞ்சிபுரம்தான். எவ்ளோ பழைய காலத்து டிசைன். இது அன்னம்தானே? என் பொண்ணு கல்யாணத்துக்கு இதே மாதிரி ஒண்ணு நெய்து தருவீங்களா?"

மாதக்கணக்கில் நான் ஏங்கிக் கிடந்த கேள்வி. ஆமாம் அன்னம்தான் என்று தலையை ஆட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். பாழாய்ப்போன தலை ஆடவில்லை.

"காக்காம்மா" என்றேன். "எங்க ஊரு காக்கா."

அவர் முந்தானையை விட்டுவிட்டார்.