ரைட்டர் வீட்டு சுவிட்சில் மஞ்சள் தண்ணீர்

இன்று சாயங்காலம் கோரமண்டலில், தங்கச் சுரங்கத்தில் கணக்கெழுதும் ஒரு ரைட்டர் வீட்டுக்கு ஃபியூஸ் போடப் போனேன். சுரங்கத்துக்குக் கரெண்ட் வந்த கையோடு தன் வீட்டுக்கும் விளக்கு இழுத்துக்கொண்டவர்.

போனதும், மூலையில் நின்ற தங்கச்சியைக் காட்டினார்.

"தாலியறுத்தவ சுவிட்சுல கை வெச்சா. வெளிச்சம் எப்டிபா நிக்கும்?"

சுவிட்சைக் கழற்றினேன். உள்ளேயிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

"இதுல இன்னாத்துக்குங்க தண்ணி ஊத்தினீங்க?"

"ஊத்தலபா, தெளிச்சேன். புதுசாச்சே, மங்களமா இருக்கட்டும்னு."

"அந்தத் தண்ணியாலதான் ஃபியூஸ் போச்சு. இவங்க மேல தப்பு இல்லீங்க."

துடைத்துக் காயவைத்து, புதுக் கம்பி போட்டேன். அந்தப் பெண்ணிடம், "சுவிட்ச நீங்களே போடுங்கம்மா" என்றேன். பயந்துகொண்டே போட்டாள். விளக்கு எரிந்தது. சிரித்தேவிட்டாள்.

ரைட்டருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அவள் தொட்ட தோஷம் கழியவேண்டுமாம். சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து சுவிட்சின் மேலேயே வீசினார்.

பட்டென்று வீடே இருண்டது.

அந்த இருட்டிலும் அவர் கை அவள் கன்னத்தைத் தப்பாமல் கண்டுபிடித்துவிட்டது. சத்தம் வாசல்வரை கேட்டது.

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருட்டிலேயே இவ்வளவு நன்றாகக் கண் தெரிகிற ஆளுக்கு விளக்கு எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.